ரெக்கார்டிங் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை! 'கேடி' செஷன் பதிவுகள் எங்கே சொதப்புகின்றன?

திங்கட்கிழமை காலை. மூன்று வருஷமாக ஒரு ப்ராஜெக்ட்டைத் தனியாளாகத் தாங்கிய சீனியர் வெள்ளிக்கிழமையே விடைபெற்றுவிட்டார். கேக் வெட்டியாச்சு, லேப்டாப்பும் ஐடி கார்டும் ஒப்படைச்சாச்சு. அவர் இடத்துக்கு வந்த ஜூனியர், அந்த இரண்டு மணி நேர ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கைத் திறக்கிறார். மவுஸ் நகர்கிறது, விண்டோக்கள் திறந்து மூடுகின்றன, கர்சர் ஒரு வரியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த வரியைப் பற்றி சீனியர் ஏதோ முக்கியமாகச் சொல்லியிருக்கிறார் என்பது மட்டும் புரிகிறது. என்ன சொன்னார்? தெரியாது. வீடியோவில் சத்தமே இல்லை. "ப்ரோ, ரெக்கார்டிங்ல ஆடியோவே வரல" என்று வாட்ஸ்அப்பில் போட்ட மெசேஜுக்கு இன்னும் ஒற்றை டிக்தான்.

ஐடி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 'நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்', சுருக்கமாக 'கேடி', தினசரிச் சொல். (தமிழில் கேடிக்கு வேறு அர்த்தம் இருப்பது தற்செயல்தான்.) வேலையை விட்டுப் போகிறவர், தன் தலைக்குள் இருப்பதை நோட்டீஸ் பீரியடுக்குள் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும் சடங்கு அது. இப்போது பெரும்பாலும் அது ஒரு ஸ்க்ரீன் ரெக்கார்டிங்காகத்தான் மிஞ்சுகிறது. யூடியூப் வீடியோ என்றால் சரியில்லாதபோது இன்னொரு டேக் எடுக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. பேசியவர் வேறு கம்பெனியில் சேர்ந்திருப்பார்.

இதில் ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சொதப்பல்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் பழுதானதால் வருவதில்லை. எங்கோ ஒரு செட்டிங் தவறாக இருந்திருக்கும், அதை யாரும் முன்கூட்டியே பார்த்திருக்க மாட்டார்கள். எந்தக் கோளாறு எதனால் வருகிறது என்று தெரிந்துவிட்டால், ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம், ரெக்கார்டிங் தொடங்குவதற்கு முன் என்றால்!

முதலில் அரை நிமிடம்

இரண்டு மணி நேரம் பேசுவதற்கு முன் முப்பது வினாடி ரெக்கார்ட் செய்து, நிறுத்தி, அந்த ஃபைலைத் திறந்து ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்கவே சாதாரணமாக இருக்கும் இந்த வேலையைத்தான் பலரும் செய்வதில்லை. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மின்னுவதைப் பார்த்துவிட்டு 'ஓடுது' என்று திருப்தியாகிவிடுகிறார்கள். ஏதோ பதிவாகிறது என்பதை மட்டும்தான் அந்தப் புள்ளி சொல்லும். என்ன பதிவாகிறது என்று சொல்லாது.

சோதனையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிஜத்தில் என்ன செய்யப்போகிறோமோ அதையே செய்ய வேண்டும். அதே ஹெட்செட், அதே மீட்டிங் ஆப், எதிரில் ஒருவர் பேசுவது, ஒரு மெனுவை ரைட் கிளிக் செய்து திறப்பது, இரண்டு ஆப்களுக்கு இடையே மாறுவது. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த அரை நிமிடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

எதில் ரெக்கார்ட் செய்வது? சொந்த கம்ப்யூட்டர் என்றால் இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவைத் தாராளமாகச் சொல்லலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள். அங்கே ஏற்கெனவே இருப்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். விண்டோஸ் 11-ல் ஸ்னிப்பிங் டூல் இருக்கிறது. விண்டோஸ் கீ, ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ரெக்கார்டிங் வரும். மேக்கில் ஷிஃப்ட், கமாண்ட், 5. பவர்பாயின்ட்டின் இன்சர்ட் மெனுவிலும் 'ஸ்க்ரீன் ரெக்கார்டிங்' ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. ஆபீஸ் லேப்டாப்பில் வேறு வழியே இல்லாதபோது அது கைகொடுக்கும்.

சத்தம் வரலையா? எந்தச் சத்தம்?

ஆடியோ பிரச்சினை என்று வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கில் இரண்டு வெவ்வேறு சத்தங்கள் இருக்கின்றன. ஒன்று, மைக் வழியாகப் போகும் உங்கள் குரல். இன்னொன்று, கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரும் சத்தம். மீட்டிங்கில் எதிரில் இருப்பவர் பேசுவது இந்த இரண்டாவது வகை. இவை இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். ஒன்றை ஆன் செய்தால் மற்றது தானாக ஆன் ஆகாது.

ஸ்னிப்பிங் டூலில் மைக்குக்கு ஒரு பட்டன், சிஸ்டம் ஆடியோவுக்கு ஒரு பட்டன். அதன் செட்டிங்ஸுக்குள் போனால், ஒவ்வொரு முறையும் இரண்டும் தானாகவே சேர்ந்துகொள்ளும்படி வைக்கவும் முடியும். மேக்கில் ஷிஃப்ட், கமாண்ட், 5 அழுத்தியதும் வரும் பட்டையில் 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, மைக்ரோஃபோன் என்ற இடத்தில் 'நன்' என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் குரல் பதிவாகாது. மேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான மேக் பதிப்புகளில் இந்தக் கருவி கம்ப்யூட்டருக்குள் ஓடும் சத்தத்தைப் பிடிக்காது. அதற்கு 'பிளாக்ஹோல்' போன்ற ஒரு விர்ச்சுவல் ஆடியோ டிரைவர் தேவைப்படும். அல்லது வென்ச்சுராவும் அதற்குப் பிந்தைய மேக் பதிப்புகளும் இருந்தால் ஓபிஎஸ்ஸே நேரடியாகப் பிடித்துக்கொள்ளும்.

விண்டோஸில் மைக் சுத்தமாக வேலை செய்யவில்லை என்றால், செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் மைக்ரோஃபோன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'டெஸ்க்டாப் ஆப்கள் மைக்கைப் பயன்படுத்தலாமா' என்ற சுவிட்ச் அங்கே ஆஃப் ஆகியிருக்கலாம்.

இதைவிடக் குழப்பமான ஒன்று இருக்கிறது. எல்லாம் ஆன், ஓபிஎஸ்ஸில் 'டெஸ்க்டாப் ஆடியோ'வும் இருக்கிறது, ஆனாலும் எதிரில் பேசியவர் குரல் மட்டும் காணோம். காரணம், விண்டோஸ் இரண்டு 'டீஃபால்ட்' சாதனங்களை வைத்திருக்கிறது. பாட்டு, வீடியோ போன்றவற்றுக்கு ஒன்று, அழைப்புகளுக்கு ஒன்று. மீட்டிங் ஆப் சத்தத்தை ஹெட்செட்டுக்கு அனுப்புகிறது, ஓபிஎஸ்ஸோ லேப்டாப் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே மௌனம்தான். ஓபிஎஸ்ஸின் ஆடியோ செட்டிங்ஸில் 'டீஃபால்ட்' என்று விடாமல், ஹெட்செட்டின் பெயரையே தேர்ந்தெடுத்துவிட்டால் தீர்ந்தது.

குரல் வருகிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறதா? புளூடூத் இயர்பட்ஸைச் சந்தேகப்படுங்கள். பாட்டு கேட்கும்போது பிரமாதமாக இருக்கும் அதே இயர்பட்ஸ், அதிலுள்ள மைக்கை ஆன் செய்தவுடன் 'ஹெட்செட்' முறைக்கு மாறிவிடும். புளூடூத்தின் அந்தப் பழைய முறையில் ஒலியின் மாதிரி எடுக்கும் வேகம் 8 கிலோஹெர்ட்ஸ், கொஞ்சம் மேம்பட்டதில் 16 கிலோஹெர்ட்ஸ். வீடியோக்களில் வழக்கமானது 48. விலை உயர்ந்த இயர்பட்ஸ் வாங்கினாலும் இந்த முறையில் ஓடும்வரை இதுதான் கதி. கேட்பதற்கு மட்டும் இயர்பட்ஸை வைத்துக்கொண்டு, பேசுவதற்கு லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுத்தாலே வித்தியாசம் தெரியும். வயர் உள்ள சாதாரண இயர்போன் மைக் இன்னும் நல்லது. பழைய போனோடு வந்தது எங்காவது டிராயரில் கிடக்கும், எடுத்துத் துடைத்து வையுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். தூரமாக வைத்துவிட்டு வால்யூமைக் கூட்டினால், குரலோடு அறையும் சேர்ந்து பெரிதாகும். ஓபிஎஸ்ஸின் ஆடியோ மிக்ஸரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டை ஆடும். மைனஸ் 20 டெசிபல் வரை பச்சை, அங்கிருந்து மைனஸ் 9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சாதாரணமாகப் பேசும்போது மஞ்சளில் ஆடினால் சரி. பச்சையிலேயே தூங்கினால் கேட்பவர் காதைத் தீட்ட வேண்டியிருக்கும். அதன் மேல் எல்லையை முட்டினால் குரல் உடையும். உடைந்த குரலைப் பிறகு சரிசெய்வது ரொம்பக் கடினம்.

சென்னை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பேசு என்று யாரும் சொல்ல முடியாது. நல்லவேளையாக, ஃபேன் சத்தம் சீரானது, அதனால் மென்பொருள் எளிதில் அடையாளம் கண்டு நீக்கிவிடும். ஓபிஎஸ்ஸில் மைக்கின் ஃபில்டர்ஸ் பகுதியில் 'நாய்ஸ் சப்ரெஷன்' சேர்த்து, 'ஆர்என்நாய்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். குக்கர் விசிலும் தெருவில் போகும் பழைய இரும்பு வண்டியின் ஸ்பீக்கரும் அவ்வளவு லேசில் போகாது. அவை வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அந்த வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து சொல்வதே மேல்.

திரை கறுப்பாகவே வருகிறதே?

இதற்கு நான்கைந்து காரணங்கள் இருக்கலாம். விண்டோஸ் லேப்டாப்களில் அடிக்கடி வருவது, இரண்டு கிராஃபிக்ஸ் சிப் பிரச்சினை. பல லேப்டாப்களில் பேட்டரியைச் சேமிக்கும் ஒரு சிப்பும், கேமிங், எடிட்டிங்குக்கான இன்னொரு சிப்பும் இருக்கும. திரையைக் காட்டுவது ஒரு சிப், ஓபிஎஸ் ஓடுவது இன்னொன்றில் என்றால், பக்கத்து வீட்டு டிவியைச் சுவர் வழியாகப் பார்க்க முயல்வது மாதிரிதான். ஓபிஎஸ்ஸில் 'டிஸ்ப்ளே கேப்ச்சர்' மீது இரட்டைக் கிளிக் செய்து, 'கேப்ச்சர் மெத்தட்' என்ற இடத்தில் விண்டோஸ் 10 என்று தொடங்கும் முறைக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் படம் வந்துவிடும். வரவில்லை என்றால், விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராஃபிக்ஸ் பக்கத்தில் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து 'பவர் சேவிங்' என்று வைக்க வேண்டும்.

மேக்கில் கறுப்புத் திரை அல்லது வெறும் வால்பேப்பர் மட்டும் பதிவாகிறது என்றால், அது அனுமதிப் பிரச்சினை. சிஸ்டம் செட்டிங்ஸின் பிரைவசி பகுதியில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் பட்டியலில் அந்த ஆப்பை ஆன் செய்து, ஆப்பை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காமல் 'வேலை செய்யல' என்று அலைந்தவர்கள் உண்டு.

சில ஆப்களில் மட்டும் கறுப்பாக வருகிறது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அது கோளாறே இல்லை. ஓடிடி தளங்கள் தங்கள் வீடியோவைப் பதிவு செய்ய முடியாதபடி பூட்டி வைத்திருக்கின்றன. சில நிறுவனங்களின் உள் மென்பொருள்களும் அப்படித்தான். அதைத் திறக்க வழி தேடுவதைவிட, ஐடி டீமிடம் அனுமதி கேட்பது வேலைக்கு நல்லது.

'இந்த மெனுவ கிளிக் பண்ணுங்க'... எந்த மெனு?

கேடி பதிவுகளுக்கே உரிய ஒரு விபத்து இது. பேசுகிறவர் ரைட் கிளிக் செய்கிறார், "இதுல மூணாவது ஆப்ஷன்" என்கிறார். பதிவில் மவுஸ் மட்டும் வெறும் திரையில் நகர்கிறது; மெனுவே தெரியவில்லை.

ஒரு குறிப்பிட்ட விண்டோவை மட்டும் பதிவு செய்யும் 'விண்டோ கேப்ச்சர்' முறையில் இப்படி ஆகும். நம் கண்ணுக்கு மெனு அந்த விண்டோவின் பகுதியாகத் தெரிந்தாலும், பல ஆப்களில் கம்ப்யூட்டருக்கு அது தனி விண்டோ. அதனால் விடுபட்டுப்போகிறது. விண்டோஸ் கீயோடு ஜி அழுத்தினால் வரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரில் இது இன்னும் மோசம். பெயருக்கேற்றபடி அது கேம்களுக்காக வந்தது. ரெக்கார்டிங் தொடங்கிய ஒரு ஆப்பை மட்டும்தான் பதிவு செய்யும். டெஸ்க்டாப்பையும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரையும் பதிவு செய்யாது. எக்செல்லில் தொடங்கி பிரவுசருக்குத் தாவி, திரும்பி ஃபோல்டருக்கு வரும் கேடி செஷனுக்கு அது தோதுப்படாது. முழுத் திரையையும் பதிவு செய்யும் முறைதான் இங்கே பாதுகாப்பானது. என்ன, முழுத் திரை என்றால் திரையில் வருவதெல்லாம் பதிவாகும். அந்தத் தலைவலிக்குப் பிறகு வருவோம்.

எழுத்து ஏன் மங்கலாகத் தெரிகிறது?

ஒரு சின்னக் கணக்கு. திரை 1920 பிக்சல் அகலம். அதில் எழுத்து 16 பிக்சல் உயரம், பிரவுசரில் சாதாரணமாக இருக்கும் அளவு. இதைப் பார்க்கப்போகிறவர் மெட்ரோவில் போய்க்கொண்டே 6.5 இன்ச் போனில் பார்க்கிறார். போனைப் படுக்கை வாட்டில் பிடித்தாலும் வீடியோவின் அகலம் சுமார் 12 சென்டிமீட்டர்தான் வரும். அப்படியானால் அந்த எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர். நேராகப் பிடித்தால் அதில் ஏறக்குறைய பாதி. இதை எந்த செட்டிங்காலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே முதல் வேலை, ரெக்கார்டிங் மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே எழுத்தைப் பெரிதாக்குவது. பிரவுசரிலும் விஎஸ் கோடிலும் கன்ட்ரோலோடு பிளஸ் அழுத்தினால் போதும், எக்செல்லில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டலாம். 150 சதவீதம் வரை தயங்காமல் போகலாம். பேசுகிறவர் கண்ணுக்கு 'ரொம்பப் பெருசா இருக்கே' என்று தோன்றும் அளவுதான் போனில் பார்ப்பவருக்குச் சரியான அளவு.

பெரிதாக்கிய பிறகும் மங்கலாக இருந்தால், ஓபிஎஸ்ஸின் வீடியோ செட்டிங்ஸில் 'பேஸ்' என்றும் 'அவுட்புட்' என்றும் இருக்கும் இரண்டு அளவுகளையும் பாருங்கள். மேலே 1920க்கு 1080 என்றும், கீழே 1280க்கு 720 என்றும் இருக்கலாம். அதாவது படத்தைச் சுருக்கித்தான் சேமிக்கிறது. மனித முகம் என்றால் இந்தச் சுருக்கல் அவ்வளவாகத் தெரியாது. மெல்லிய எழுத்துகளோ உடனே நொறுங்கிவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்துவிடுங்கள். அவுட்புட் பகுதியில் ரெக்கார்டிங் குவாலிட்டி 'சேம் ஆஸ் ஸ்ட்ரீம்' என்று இருந்தால், 'ஹை குவாலிட்டி, மீடியம் ஃபைல் சைஸ்' என்பதற்கு மாற்றலாம். அந்தப் பட்டியலின் கடைசியில் இருக்கும் 'லாஸ்லெஸ்' பக்கம் போகவே வேண்டாம், ஹார்ட் டிஸ்க் தாங்காது.

கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து போன்றவை மட்டும் எப்போதும் கொழகொழவென்று வரும். வீடியோக்களைச் சேமிக்கும் வழக்கமான முறையில் வெளிச்சத்தின் விவரம் முழுதாகவும், நிறத்தின் விவரம் நான்கில் ஒரு பங்காகவும்தான் வைக்கப்படுகிறது. நம் கண் நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது என்பதால் செய்யப்பட்ட சிக்கனம். கோடு எழுதுகிறவர்கள் டார்க் தீமை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்தான், ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வெளிர் தீமுக்கு மாறினால் பார்ப்பவர் வாழ்த்துவார்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடியும் அழுத்திச் சுருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருக்காது, 2 ஜிபி வரை போகும். ஆபீஸ் விஷயங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்பது வேறு கேள்வி. பெரும்பாலான இடங்களில் கூடாது.

விட்டு விட்டு ஓடுகிறதா?

'என்கோடிங் ஓவர்லோடட்' என்று ஓபிஎஸ் எச்சரித்தால், ப்ராசஸரால் அந்த வேகத்துக்கு வீடியோவைச் சுருக்கிச் சேமிக்க முடியவில்லை என்று பொருள். அவுட்புட் செட்டிங்ஸில் என்கோடரை 'எக்ஸ்264' என்பதிலிருந்து ஹார்டுவேர் என்கோடருக்கு மாற்றுங்கள். என்விடியா என்றால் என்வென்க், இன்டெல் என்றால் குவிக் சிங்க், ஏஎம்டிக்கும் ஒன்று உண்டு. வினாடிக்கு 60 ஃப்ரேமும் தேவையில்லை. எக்செல் ஷீட்டைக் காட்ட 30 தாராளம். லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், பேட்டரியில் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப் போக உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் என்று விலகினால் அது வேறு விஷயம். எல்லா இடத்திலும் ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். எடிட்டிங் மென்பொருளில் போட்டபோது மட்டும் விலகுகிறது என்றால், பதிவின் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கியிருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றி எடுத்தால் சரியாகிவிடும்.

ஃபைல் இருக்கு, திறக்க மாட்டேங்குது!

எல்லாவற்றிலும் வயிற்றைக் கலக்குவது இதுதான். ஒன்றரை மணி நேரம் ஆனபோது கரண்ட் போய்விட்டது. அல்லது பேட்டரி செத்துவிட்டது, விண்டோஸ் அப்டேட் என்று தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது, டிஸ்க் நிறைந்துவிட்டது. ஃபோல்டரில் ஃபைல் இருக்கிறது, அளவும் 3 ஜிபி காட்டுகிறது. ஆனால் எந்த ப்ளேயரிலும் ஓட மறுக்கிறது.

எம்பி4 ஃபைல் எழுதப்படும் விதம்தான் காரணம். எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது, ஒலி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று அதற்குள் இருக்கும். வழக்கமான முறையில் அந்த அட்டவணை, நீங்கள் 'ஸ்டாப்' அழுத்திய பிறகுதான், கடைசியில் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் அட்டவணையே கிடையாது. படமும் ஒலியும் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் பக்க எண் போடாத தாள்களை மூட்டையில் கட்டிவைத்த மாதிரி. எங்கே தொடங்குவது என்று ப்ளேயருக்குத் தெரியாது.

எம்கேவி என்ற வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. அது போகப் போகவே விவரங்களை எழுதிக்கொண்டு போகும். கரண்ட் போனால் கடைசிச் சில வினாடிகள் போகலாம், ஒன்றரை மணி நேரமும் போகாது. அதனால்தான் ஓபிஎஸ்ஸில் எம்கேவியில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். முடிந்த பிறகு ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தால் எம்பி4 ஆகிவிடும். தரம் குறையாது, நேரமும் அதிகம் பிடிக்காது. பெட்டியை மாற்றுகிறதே தவிர உள்ளே இருப்பதைத் தொடுவதில்லை. 2024-ல் வந்த ஓபிஎஸ் 30.2 பதிப்பிலிருந்து 'ஹைப்ரிட் எம்பி4' என்ற வடிவமும் இருக்கிறது. எம்பி4 ஆகவே இருந்தும் நடுவில் நின்றால் பாழாகாத வகை அது.

ஏற்கெனவே உடைந்த எம்பி4 கையில் இருந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கம்ப்யூட்டரில், அதே மென்பொருளில், அதே செட்டிங்ஸில் பதிவான நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த ஃபைலின் அட்டவணையை மறுபடி கட்ட முயலும். எல்லா நேரமும் வெற்றி கிடைக்காது. ஆனால் அந்த முப்பது வினாடி சோதனைப் பதிவை அழிக்காமல் வைத்திருந்தால், இங்கே மாதிரி ஃபைலாக அது உதவும்.

இடம் எவ்வளவு வேண்டும்? வினாடிக்கு 2500 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.1 ஜிபி. 40 மெகாபிட் என்று வைத்தால் 18 ஜிபி. பென் டிரைவில் நேரடியாகப் பதிவு செய்வது தவறு. அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டவே முடியாது. தாண்டும் இடத்தில் பதிவு நின்றுவிடும்.

அதையும் தாண்டி, இரண்டு மணி நேரத்தை ஒரே ஃபைலாக எடுப்பதே புத்திசாலித்தனமில்லை. 'டிப்ளாய்மென்ட்', 'மாதக்கடைசி ரிப்போர்ட்', 'ராத்திரி ஜாப் ஃபெயில் ஆனால்' என்று விஷயத்துக்கு ஒன்றாகப் பதினைந்து இருபது நிமிடத் துண்டுகளாக எடுத்தால், ஒன்று பாழானாலும் மற்றவை மிஞ்சும். ராத்திரி இரண்டு மணிக்கு ஜாப் நின்றபோது, எந்த ஃபைலின் எந்த நிமிடத்தில் அதைப் பற்றிச் சொன்னார் என்று தேட வேண்டியும் இருக்காது.

திரையில் என்னென்ன தெரியும்?

முழுத் திரையைப் பதிவு செய்வதன் தலைவலி இது. மூலையில் வந்து போகும் வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன், ஓடிபி, பிரவுசரில் ஒரு எழுத்து அடித்ததும் விரியும் பழைய தேடல்கள், புக்மார்க் வரிசையில் இருக்கும் வேலைவாய்ப்புத் தளம்... எல்லாம் பதிவாகும். அரை வினாடிதானே என்று நினைக்க முடியாது, பார்ப்பவர் பாஸ் செய்யலாம்.

விண்டோஸிலும் மேக்கிலும் 'டூ நாட் டிஸ்டர்ப்' ஆன் செய்வது, வாட்ஸ்அப் வெப்பை மூடுவது, பிரவுசரில் புதிய ப்ரொஃபைல் ஒன்றில் வேலை செய்வது, இந்த மூன்றும் போதும். கேடியில் இன்னும் பெரிய ஆபத்து, கான்ஃபிக் ஃபைலைத் திறந்து காட்டும்போது தெரியும் பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும், நிஜ வாடிக்கையாளர்களின் போன் எண்களும். தெரியாமல் பதிவாகிவிட்டால், அந்த இடத்தை ப்ளர் செய்வதை நம்பாதீர்கள். கட்டம் கட்டமாக மங்கலாக்கிய எழுத்துகளை மீட்டெடுக்கக் கருவிகள் இருக்கின்றன. முழுக் கறுப்புப் பெட்டியால் மறைக்க வேண்டும். பாஸ்வேர்டு என்றால் மறைப்பதோடு நிற்காமல் அதை மாற்றியும்விட வேண்டும்.

டீம்ஸில் ரெக்கார்டிங் தொடங்கினால் மீட்டிங்கில் இருக்கும் எல்லோருக்கும் அறிவிப்பு போகும். ஓபிஎஸ்ஸோ ஸ்னிப்பிங் டூலோ அப்படி எதுவும் சொல்லாது. "ரெக்கார்ட் பண்றேன், ஓகேவா?" என்று தொடக்கத்திலேயே கேட்டு, அந்தப் பதிலும் பதிவில் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

சரி, ஃபைல் எங்கே இருக்கிறது?

பதிவு அருமை, சத்தம் தெளிவு, எழுத்து பளிச். ஆனால் நான்கு மாதம் கழித்துத் தேடினால் ஃபைலே இல்லை. இதுவும் நடக்கிறது. டீம்ஸில் எடுத்த மீட்டிங் பதிவுகளுக்கு ஒரு காலாவதித் தேதி உண்டு. நிறுவனத்தின் அட்மின் மாற்றாதவரை அது 120 நாள். ஃபைலின் விவரங்களைத் திறந்தால் அந்தத் தேதி தெரியும், அங்கேயே நீக்கவும் முடியும்.

இன்னொரு பொறி இதைவிட விரைவாக மூடும். விடைபெற்றவர் அந்த வீடியோவைத் தன் ஒன்டிரைவில் வைத்து, லிங்க்கை மட்டும் எல்லோருக்கும் அனுப்பியிருப்பார். அவர் அக்கவுன்ட்டை ஐடி டீம் நீக்கினால், வேறு ஏற்பாடு எதுவும் செய்யாதபட்சத்தில் அந்த ஒன்டிரைவ் 30 நாள்தான் இருக்கும். அதன்பின் லிங்க் இருக்கும், வீடியோ இருக்காது.

ஆகவே ஃபைல்கள் டீமின் ஷேர்பாயின்ட் ஃபோல்டர் போன்ற பொது இடத்துக்குப் போக வேண்டும், தனிநபர் அக்கவுன்ட்டில் இருக்கக் கூடாது. 'ரெக்கார்டிங் 1', 'ரெக்கார்டிங் 2' என்று விடாமல் உள்ளே என்ன இருக்கிறதோ அதையே பெயராக வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கேக் வெட்டுவதற்கு முன், ஜூனியர் தன்னுடைய லாகினில், தன்னுடைய ஹெட்போனில், ஒவ்வொரு ஃபைலையும் தொடக்கத்தில் ஒரு நிமிடம், நடுவில் ஒரு நிமிடம், கடைசியில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வருது ப்ரோ" என்று சொல்ல வேண்டும். ஐடி கார்டை அதற்குப் பிறகு ஒப்படைக்கலாம்.